பூசணிக்கு அப்பன் யார்

இலஞ்சி குத்தாலிங்கம் கல்யாண வீட்டுச் சமையல்காரர். தென்காசி, மேலகரம், செங்கோட்டை என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே பந்தக்கால் நட்டாலும் அவருக்குத்தான் முதலில் ஆள் வரும். வாழைக்காய், சேனைக்கிழங்கு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நறுக்க ஆட்களை உட்கார வைத்துவிடுவார். பூசணிக்காயை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். அதைத் தாமே மடியில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, அரிவாளால் பிளந்து, உள்ளே விரலை விட்டு விதைகளை வழித்தெடுப்பார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். அவர் ஒவ்வொரு விதையாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். பிடித்த விதைகள் வேட்டி மடிப்புக்குள் போகும். மற்றவை குப்பைக்குப் போகும்.

இந்தப் பைத்தியம் அவரைப் பிடித்தது ஐம்பத்தாறாம் வருஷத்துச் சாரல் சீசனில். குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் கொட்டகை போட்டு, காய்கறி கனிகளைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். வடகரைப் பிச்சுமணி கொண்டுவந்த தடியங்காய் ஒன்றுக்கு, அதாவது ஒரு வெண்பூசணிக்கு, மாலை போட்டிருந்தது. பார்க்க வந்த கூட்டம் அருவியை மறந்துவிட்டு அதைச் சுற்றிக்கொண்டு நின்றது. மைக்கில், "வடகரை பிச்சுமணி, வடகரை பிச்சுமணி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிச்சுமணி சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

குத்தாலிங்கம் ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைத்துப் போட்டவர். சாப்பிட்டு எழுந்தவர்கள் ஏப்பம் விட்டுவிட்டு, "இன்னார் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு பிரமாதம்" என்பார்கள். சமைத்தவன் பேரை யாரும் கேட்டதில்லை. அவருக்கு அதில் வருத்தம் இருந்தது என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி இராமலட்சுமியிடம், தோட்டத்தில் இனிமேல் பூசணி போடப் போவதாகச் சொன்னார். கத்தரிச் செடிகளை என்ன செய்வது என்று அவள் கேட்பதற்குள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் தோட்டம் வாய்க்கால் கரையில் இருந்தது. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் மாடக்கண்ணுவின் தோட்டம். மாடக்கண்ணு பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து பர்மாச் சண்டையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவர். மீசை மட்டும் இன்னும் பட்டாளத்தில் இருந்தது. மற்றபடி அவர் மனைவி ரெங்கம்மாள் சொன்ன இடத்தில் மண்வெட்டி போடுகிறவர். தோட்டத்தில் எது எங்கே முளைக்க வேண்டும் என்பது ரெங்கம்மாளின் முடிவு. அவளும் வேலியோரத்தில் பூசணி போட்டிருந்தாள். புளியரைக்கு வாழ்க்கைப்பட்ட அவள் அக்காள் கொடுத்த விதை. புளியரைப் பக்கம் அதை மத்தன் என்பார்கள். தட்டையாக, கருப்பச்சையாக, ஆழமான வரிகளோடு ஒரு பெரிய செம்பு அளவுக்கு மேல் வளராது. ஆனால் பறித்துப் பரணில் வைத்தால் அடுத்த வருஷம் வரைக்கும் கெடாது.

குத்தாலிங்கம் அந்தக் காயை மதித்ததே இல்லை. அவருடையது செங்கோட்டைக் கல்யாணம் ஒன்றில் வெட்டிய காயின் விதை. நீளமாய், வழுவழுப்பாய், வெளிர் மஞ்சளாய்க் காய்க்கும். ஓரளவு பெரிதாகவும் வந்தது. முதல் வருஷக் காய்களில் நல்லதாக ஒன்றை எடுத்து விதை பிரித்தார். தண்ணீரில் போட்டு மிதந்ததைத் தள்ளினார். அடியில் தங்கியதில் தட்டையானதைத் தள்ளினார். மிஞ்சியதைச் சாணி வறட்டியில் பதித்துச் சுவரில் அப்பிவைத்தார். தை மாதம் பிறந்ததும் வறட்டியை உடைத்து விதைத்தார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அந்த விதையில் ஒரு கொடி வெறி பிடித்ததுபோல் ஓடியது. இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டைவிட அகலம். அதில் ஒரே ஒரு பிஞ்சை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிள்ளிப்போட்டார். அது பங்குனியில் தேங்காய் அளவு, சித்திரையில் குடத்தளவு, வைகாசியில் இராமலட்சுமி அதன்மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அவர் அதைப் பார்த்துப் பதறிப்போய் அவளை எழுப்பிவிட்டார்.

குற்றாலத்துக் கொட்டகையில் அது தொண்ணூற்றாறு ராத்தல் நிறுத்தது. முதல் பரிசாக ஒரு வெண்கல உருளி கொடுத்தார்கள். மைக்கில் அவர் பெயரைச் சொன்னார்கள். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்கள், அதுவும் பாதியில் மைக் இரைந்தது. ஆனாலும் அவர் அன்று இரவு சாப்பிடாமலே படுத்தார். வயிறு நிறைந்திருக்கிறது என்று சொன்னார்.

மறுநாள் காயை வெட்டினார். விதைகளைத் தனியே எடுத்துக்கொண்டு, சதையைக் கீற்றுப் போட்டு வாய்க்கால் கரைத் தோட்டக்காரர் எல்லாருக்கும் அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் ரெங்கம்மாள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இராமலட்சுமி, "மதினி" என்று வேலிக்கு மேலாகக் கூப்பிட்டாலும் காதில் விழாதவள்போல் போனாள். அடுத்த தையில் வேலியோரத்து மத்தனை விதைக்காமல், அங்கே மிளகாய் நட்டாள். என்ன கோபம் என்று இவர்களுக்குப் புரியவில்லை. பரிசு வாங்கினால் பொறாமை வரத்தான் செய்யும் என்று குத்தாலிங்கம் சொல்லிக்கொண்டார். உண்மையில் அதைப்பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை. தொண்ணூற்றாறு ராத்தல் காயின் விதைகள் அவர் கையில் இருந்தன.

அந்த விதைகளை அவர் பொறுக்கிய மாதிரி ராஜா வீட்டில்கூட மருமகளைப் பொறுக்கியிருக்க மாட்டார்கள். காம்புப் பக்கத்து விதை வேண்டாம், பூப் பக்கத்து விதை வேண்டாம், நடுவயிற்று விதைதான் வேண்டும் என்று எடுத்தார். முளை வளைந்ததைக் கழித்தார். ஓரம் தடித்து, வெள்ளையாய், கையில் கனமாய் இருந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். கல்யாணத்துக்குச் சமைக்கப் போன இடங்களிலெல்லாம், வருகிற வருஷம் காயைத் தூக்க யானையைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவைத்தார்.

ஐம்பத்தொன்பதில் கொடிகள் நன்றாகத்தான் ஓடின. காய்கள்தான் ஒன்றுபோல் ஒன்றில்லை. ஒன்று சுரைக்காய்போல் நீண்டு வளைந்தது. ஒன்று மாங்காய் அளவில் முற்றிவிட்டது. இரண்டு கொடிகளில் நடுத்தரமாக மஞ்சள் காய்கள் வந்தன. ஒரு கொடியில் தட்டையாக, கருப்பச்சையாக, வரிவரியாக ஒரு காய் உட்கார்ந்திருந்தது. எதுவும் பெரிதாகவில்லை. கண்ணேறு என்று நினைத்து வேலியில் பழஞ்செருப்பைக் கட்டினார். ஆட்டுப்புழுக்கை போட்டார். பிண்ணாக்குக் கரைத்து ஊற்றினார். சீசன் வந்தது, கொட்டகைக்குக் கொண்டுபோக அவரிடம் ஒன்றும் இல்லை. வழியில் பார்த்தவர்கள் யானை வந்ததா என்று கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டு போனாலும், அந்த வருஷம் ஒரு கல்யாணத்தில் கூட்டுக்கு உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார்.

இராமலட்சுமிதான் முதலில் கவனித்தாள். ஒருநாள் அந்த வரிக்காயைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"ஏங்க, இது அப்படியே ரெங்கம்மா மதினி வீட்டு மத்தன் மாதிரில்லா இருக்கு. புள்ளை நம்ம வீட்டுல பொறந்திருக்கு, சாடை பக்கத்து வீட்டுச் சாடை."

அவருக்குக் கோபம் வந்தது. தான் பார்த்துப் பார்த்து எடுத்த விதை. வெட்டிய காயும் தன்னுடையது. இதில் பக்கத்து வீடு எங்கே வந்தது என்று சத்தம் போட்டார். ஆனால் மறுநாள் விடிந்ததும் தோட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பூசணிப் பூக்கள் விரிகிற நேரம். கரிய வண்டு ஒன்று ஒரு பூவுக்குள் புகுந்து உடம்பெல்லாம் மஞ்சள் தூளோடு வெளியே வந்து, கிளுவை வேலியைத் தாண்டிப் பறந்து, அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது. அதற்கு வேலி ஒரு பொருட்டாகவே இல்லை. அவர் வெயில் ஏறும்வரை அந்த வண்டையும் அதன் சொந்தபந்தங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் கிராமசேவகர் தாணு சைக்கிளில் வந்தபோது அவரை மறித்துக் கேட்டார். தாணு நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை. விவசாயம் படித்துவிட்டு வந்தவர். யார் எது கேட்டாலும் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்று சொல்லுகிற குணம். மக்காச்சோளத்தில் இப்போது இரண்டு ஜாதியைக் கலந்து விதை உண்டாக்குகிறார்கள் என்றும், அந்த விதையை விதைத்தால் பயிர் இரண்டு ஜாதியையும்விடச் செழிப்பாக வரும் என்றும், ஆனால் அதில் விளைந்ததையே எடுத்து மறுபடி விதைத்தால் கலவை பிரிந்து கண்டபடி வரும் என்றும் விளக்கினார். அதனால் ஒவ்வொரு தடவையும் பழைய இரண்டு ஜாதியிலிருந்தே புதிதாகக் கலக்க வேண்டுமாம்.

குத்தாலிங்கம் இதைத் தம்முடைய பாஷையில் புரிந்துகொண்டார். அண்டாவில் சாம்பார் நன்றாகத்தான் இருக்கிறது. கரண்டியில் அள்ளி ஊற்றும்போது ஒரு இலையில் காய் விழும், ஒரு இலையில் வெறும் தண்ணீர் விழும். தொண்ணூற்றாறு ராத்தல் காய் அண்டா. அவர் பொறுக்கிய விதைகள் கரண்டி. அந்தப் பெரிய காய்க்கு அம்மை அவருடைய மஞ்சள் பூசணி. அப்பன் வேலிக்கு அந்தப் பக்கத்து மத்தன். அவர் இத்தனை நாளாக மதிக்காத காய். இப்போது அந்தக் கரையில் மத்தன் விதை ரெங்கம்மாளிடம் மட்டும்தான் இருந்தது. ரெங்கம்மாளோ அவரிடம் பேசுவதில்லை.

அவரும் இராமலட்சுமியுமாக மாடக்கண்ணு வீட்டுக்குப் போனார்கள். மாடக்கண்ணு பாய் விரித்து உட்காரச் சொன்னார். ரெங்கம்மாள் முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. குத்தாலிங்கம் மழையைப்பற்றிப் பேசினார், வாய்க்கால் தண்ணீரைப்பற்றிப் பேசினார், கடைசியில் மத்தன் விதை கொஞ்சம் வேண்டும் என்றார். முறம் நின்றது.

"ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி எங்க விதை? அன்னிக்குக் கரைபூரா வீட்டுக்கு வீடு கீத்து போச்சு. எங்க வீட்டுக்கு மட்டும் ஒரு துண்டு வரல. வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கவதானேன்னு விட்டுட்டிய."

குத்தாலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. காம்புப் பக்கத்து நல்ல கீற்றை அவர் கையாலேயே வெட்டி எடுத்து வைத்திருந்தார். ரெங்கம்மாள் அப்போது ராயகிரியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் மாடக்கண்ணுவின் கையில் கொடுத்திருந்தார். அதை அப்படியே சொன்னார். மூன்று பேரும் மாடக்கண்ணுவைப் பார்த்தார்கள். பர்மாவைப் பார்த்தவர் விட்டத்தைப் பார்த்தார். மீசையை ஒரு பக்கம் தடவினார். பிறகு மறுபக்கம் தடவினார்.

"நீ ஊர்ல இல்ல. அவ்வளவு பெரிய துண்ட வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? எருமைத் தொட்டியில போட்டேன். வந்ததும் நீ கேட்டே. சொன்னா வைவியேன்னு வரலன்னுட்டேன். இம்புட்டுத் தூரம் போகும்னு கண்டனா?"

ரெங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் என்ன வரப்போகிறது என்று தெரியாமல் இராமலட்சுமி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"எருமை நல்லாத் தின்னுச்சா?" என்று ரெங்கம்மாள் கேட்டாள்.

"தொட்டிய நக்கிட்டு நின்னுது" என்றார் மாடக்கண்ணு.

அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், தோள் குலுங்கியது. இராமலட்சுமியும் சேர்ந்துகொண்டாள். பேசாமல் இருந்த அத்தனை நாள் பேச்சையும் இரண்டு பெண்களும் அங்கேயே உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். ஆண்கள் இருவரும் அவர்களுக்கு நடுவில் வாய் திறக்க இடமில்லாமல் சுக்குக் காப்பி குடித்தார்கள்.

ஆனால் விதை விஷயம் வந்தபோது ரெங்கம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். விதை தருவதற்குத் தடையில்லை. இரண்டு தோட்டத்திலும் இரண்டையும் போடலாம். வேலையையும் சேர்ந்தே பார்க்கலாம். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்.

"காய் பெருசா வந்து மைக்குல பேர் சொன்னா, மொதல்ல எம் பேரைச் சொல்லணும் அண்ணாச்சி. ஒங்க பேரு ஒரு தடவ வந்தாச்சு. எங்க சனத்துல பொம்பளை பேரு கல்யாணப் பத்திரிகையில கூட வந்ததில்ல."

மாடக்கண்ணு இருமினார். குத்தாலிங்கம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், முதல் பெயர் இன்னொருவருடையது என்றால் இரண்டாவதை யார் கேட்கப்போகிறார்கள் என்று அவர் நினைத்தார். தம் பெயரைச் சொன்னபோது மைக் இரைந்ததும் நினைவுக்கு வந்தது. மறுநாள் சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு கல்யாணம். ஐந்நூறு இலை விழுந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் அவியலைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழைப் பெண்ணின் தகப்பனார் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். குத்தாலிங்கம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது, அந்தப் பெண்ணின் தாயார் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் பெயரும் அவருக்குத் தெரியாது என்று தோன்றியது. திரும்பி வந்ததும் நேரே வேலிக்குப் போய், சம்மதம் என்று ரெங்கம்மாளிடம் சொன்னார்.

விதை பொறுக்கும்போது இருவருக்கும் சண்டை வந்தது. அவர் எப்போதும் பெரிய காயில் பெரிய விதையைத் தேடுகிறவர். அவளோ பரணில் கிடந்த மத்தன்களில் ரொம்ப நாள் கெடாமல் இருந்த காயைத்தான் வெட்டுவாள். கையளவு இருந்தாலும் கவலையில்லை. நோய் தாங்காத கொடி எவ்வளவு பெரிய காயைத்தான் தூக்கும் என்பது அவள் கேள்வி. இலை வெள்ளை பூத்து வாடின கொடியின் விதையைத் தங்கமாய் இருந்தாலும் தொடமாட்டாள். குத்தாலிங்கம் பொறுக்கி வைத்த மஞ்சள் விதைகளில் பாதியை அவள் தள்ளிவிட்டாள். அவள் பொறுக்கியதில் பாதியை அவர் தள்ளிவிட்டார். முறத்தில் மிஞ்சியது ஒரு சின்னப் பிடி. தள்ளினதையெல்லாம் இராமலட்சுமி வறுத்து உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். சண்டை போட்டுக்கொண்டே தின்றார்கள்.

அறுபதாம் வருஷம் பங்குனியில் கல்யாணம் நடந்தது. அப்படித்தான் கரையில் எல்லாரும் அதைச் சொன்னார்கள். மறுநாள் விரியப்போகிற பெண் பூவை, அதாவது அடியில் குட்டிப் பிஞ்சு உள்ள பூவை, முந்தின சாயங்காலமே வாழைநாரால் லேசாகக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டு முந்திக்கொள்ளும். விடிந்ததும் அந்தக் கொடியின் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, இந்தக் கொடியின் பெண் பூவைத் திறந்து உள்ளே தடவ வேண்டும். பிறகு மறுபடி கட்ட வேண்டும். தாணு ஒருநாள் வந்து செய்து காட்டிவிட்டுப் போனார். அவர் காட்டினதே பிடிக்காமல் உதிர்ந்துவிட்டது. அவர்கள் கட்டினதிலும் முதலில் நாலைந்து பிஞ்சு மஞ்சளித்து விழுந்தன. வெயில் ஏறிவிட்டால் தூள் காய்ந்துவிடுகிறது என்று ரெங்கம்மாள் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு கிழக்கு வெளுக்கும்போதே போனார்கள்.

எது மாப்பிள்ளை வீடு, எது பெண் வீடு என்று ஒரு வழக்கு வந்தது. பிஞ்சு எந்தக் கொடியில் பிடிக்கிறதோ அந்தக் கொடிக்காரர்தானே காய்க்குச் சொந்தக்காரர் என்று இருவருமே தங்கள் கொடியைப் பெண்ணாக்கப் பார்த்தார்கள். மாடக்கண்ணு பட்டாளத் தோரணையில் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் கொடுத்து இரண்டு பக்கமும் எடுக்கும்படி தீர்ப்புச் சொன்னார். அப்படியே செய்தார்கள். குத்தாலிங்கத்தின் கொடியில் ஒரு காயும், ரெங்கம்மாளின் கொடியில் ஒரு காயும் பிடித்து முற்றின. இரண்டும் பெரிதில்லை, ஒன்று வழக்கமான மஞ்சள், ஒன்று வழக்கமான மத்தன். பார்க்க வந்தவர்கள், இதற்கா இத்தனை கூத்து என்று கேட்டார்கள். பெரியது உள்ளே இருக்கிறது என்று குத்தாலிங்கம் சொன்னார்.

அறுபத்தொன்றாம் வருஷம் அது வெளியே வந்தது. அந்த இரண்டு காயின் விதையில் முளைத்த கொடிகள் எல்லாமே ஐம்பத்தெட்டாம் வருஷக் கொடியைப்போல் ஓடின. கிளுவை வேலி இலைக்குள் மறைந்துவிட்டது. குத்தாலிங்கத்தின் தோட்டத்துக் கொடி ஒன்றில் வந்த காய்தான் எல்லாவற்றிலும் பெரியது. அதன் விதை ரெங்கம்மாளின் மத்தனுக்குள்ளிருந்து எடுத்தது. ஆகவே அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மீன் கழுவின தண்ணீரை ரெங்கம்மாள் வேலிக்கு மேலாக அதன் வேரில் ஊற்றினாள். சைவமான குத்தாலிங்கம் அந்த நேரத்தில் வாய்க்கால் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். கீழே ஈரம் தங்கி அழுகாமலிருக்க மணலைப் பரப்பி, வைக்கோல் பிரியால் ஆசனம் செய்தார்கள். சாரல் தொடங்கியபோது மேலே ஓலைப்பந்தல் போட்டார்கள். மாடக்கண்ணு காலையும் மாலையும் அதன் இடுப்பைக் கயிறு வைத்து அளந்தார்.

கொட்டகைக்குக் கொண்டுபோகிற அன்று நாலு பேர் சாக்கில் தூக்கி மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். மாடக்கண்ணு வண்டிக்கு முன்னால் நடந்தார். குற்றாலத்து ரோட்டில் குளிக்கப் போகிறவர்களும் குளித்துவிட்டு வருகிறவர்களும் ஜட்கா வண்டிகளுமாக நெரிந்தது. தலையில் ஈரத் துண்டோடு மதுரைக்காரர்களும் மதராஸ்காரர்களும் வண்டியோடு கூடவே நடந்து வந்தார்கள். பெரிய ஆலமரத்தடியில் ஒரு குரங்கு குதித்துக் காயின்மேல் உட்கார்ந்துகொண்டது. கடித்துவிடுமோ என்று குத்தாலிங்கத்துக்கு மூச்சே நின்றது. ரெங்கம்மாள் மடியிலிருந்து வறுத்த கடலையைத் தூர எறிந்தாள். குரங்கு போய்விட்டது.

கொட்டகையில் புதுத் தராசு வைத்திருந்தார்கள். நிறுத்துப் பார்த்துவிட்டு, ஐம்பத்திரண்டு என்று சத்தமாகச் சொன்னார்கள். ரெங்கம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. போன தடவை தொண்ணூற்றாறு. இது அதைவிடப் பெரிது என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஐம்பத்திரண்டு என்றால் தராசில் ஏதோ கோளாறு என்று சொல்லி, அந்த இடத்தைவிட்டு நகர மறுத்தாள். இப்போது சர்க்கார் ராத்தலை எடுத்துவிட்டு கிலோ கொண்டுவந்திருக்கிறது என்று தாணு ஓடிவந்து விளக்கினார். ராத்தல் கணக்கில் எவ்வளவு என்று அவள் கேட்டாள். தாணு கையில் எழுதிக் கூட்டி, நூற்றுப் பதினாலு என்றார். அப்படியென்றால் மைக்கில் அதைச் சொல்லச் சொல்லுங்கள் என்றாள். வடகரைப் பிச்சுமணியும் அந்த வருஷம் ஒரு தடியங்காய் கொண்டுவந்திருந்தார். இதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுத் தம் காயின் மாலையைத் தாமே கழற்றி இதற்குப் போட்டார்.

மைக்கில் பேசியவர் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். இவர்களில் யாரையும் தெரியாது. கையில் கொடுத்த துண்டுச் சீட்டில் இருந்த இரண்டு பெயரையும் பார்த்தார். ஒரு பெண், ஒரு ஆண். தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தார். முதல் பரிசு பெறுகிறவர்கள் இலஞ்சியைச் சேர்ந்த திருமதி ரெங்கம்மாள், திரு குத்தாலிங்கம் தம்பதியர், அவர்கள் ஒற்றுமையாக மேடைக்கு வருமாறு அழைக்கிறேன் என்று கணீரென்று சொன்னார். அன்றைக்கு மைக் இரையவே இல்லை. அருவிவரைக்கும் கேட்டது.

குத்தாலிங்கம் ஒரு அடி எடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ரெங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இலஞ்சிக்காரர்கள் நின்ற பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பிக் கொட்டகை முழுக்கப் பரவியது. இராமலட்சுமி சிரிப்புத் தாங்காமல் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டாள். மாடக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. விறைப்பாக நடந்து மேடையில் ஏறினார். மைக்கைத் தம் பக்கம் திருப்பினார்.

"ரெங்கம்மா எம் பொண்டாட்டி. அண்ணாச்சி பக்கத்துத் தோட்டம். தம்பதி இந்தப் பூசணிக்கு அம்மையும் அப்பனுந்தான். பேரத் திருப்பிச் சொல்லும்."

திருநெல்வேலிக்காரர் திருப்பிச் சொன்னார். ராத்தலில் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொன்னார். இரண்டு பெயரையும் தனித்தனியாக, ஊர்ப் பெயரோடு, ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். தவறு செய்துவிட்டோமே என்ற பதற்றத்தில் மூன்றாவது தடவையும் சொன்னார். ரெங்கம்மாள் மேடையில் நின்று கூட்டத்தைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. சாரல் தூறிக்கொண்டிருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை. குத்தாலிங்கம் பக்கத்தில் நின்று, இரண்டாவது பெயரும் நன்றாகத்தான் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கு விதை கேட்டு ஒரு கூட்டமே மொய்த்தது. இந்தக் காயின் விதையைப் போடாதீர்கள், வராது என்று குத்தாலிங்கம் எவ்வளவோ சொன்னார். கருமி என்று நினைத்துக்கொண்டார்கள். சுந்தரபாண்டியபுரம் முத்துராமலிங்கம் என்று உழுது பிழைக்கிற சம்சாரி ஒருவர் விடவே இல்லை. காயை வெட்டுகிற அன்று இலஞ்சிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். ரெங்கம்மாள் ஒரு பிடி கொடுத்தனுப்பினாள். அடுத்த வருஷம் அவர் ஒரு கோணல் காயைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்து, ஏமாற்றிவிட்டீர்கள் என்று சண்டை பிடித்தார். இரண்டு வீட்டாரும் அவரைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய், வேலிக்கு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் காட்டி, கதையை முதலிலிருந்து சொன்னார்கள். மஞ்சளில் ஒரு பிடியும் மத்தனில் ஒரு பிடியும் தனித்தனிப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். அவர் பாதி நம்பிக்கையோடு வாங்கிக்கொண்டு போனார்.

அறுபத்து நாலாம் வருஷம் முதல் பரிசு முத்துராமலிங்கத்துக்குப் போயிற்று. இலஞ்சிக் காய் இரண்டாவது. குத்தாலிங்கத்துக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ரெங்கம்மாள் அந்தக் காயைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தாள். காம்பை முகர்ந்து பார்த்தாள். பிறகு முத்துராமலிங்கத்தையே கூப்பிட்டுக் கேட்டாள். அவர் கொஞ்சம் கூச்சத்தோடு, மத்தனைத் தம் மாமனார் ஊரிலிருந்து கொண்டுவந்து போட்ட ஒரு பழைய பூசணியோடு கலந்து பார்த்ததாகச் சொன்னார். அது கட்டாந்தரையிலும் வளருமாம். தோல் எருமைத் தோல்போல் தடிக்குமாம்.

திரும்பும்போது, வண்டி மேலகரம் தாண்டியதும் ரெங்கம்மாள், நாளைக்கு முதல் பஸ்ஸுக்கே சுந்தரபாண்டியபுரம் போய் அந்தப் பழைய கொடியைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று கேட்டாள். நாளைக்குத் தமக்கு ஒரு நிச்சயதார்த்தச் சமையல் இருக்கிறது என்று குத்தாலிங்கம் சொன்னார். அதற்கென்ன, வடை தட்ட ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் இராமலட்சுமி. எத்தனை மணிக்குப் பஸ் என்று அவர் மாடக்கண்ணுவைக் கேட்டார்.